பூப்பந்து: தஞ்சையிலிருந்து ஈப்போவரை ஒரு சொல்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு தமிழ்ப்பள்ளி மாணவி மாவட்டப் போட்டி முடிந்து வீட்டுக்கு ஓடிவந்து, "அம்மா, பூப்பந்துல ஜெயிச்சிட்டேன்!" என்கிறாள். அதே சொற்களைத் தஞ்சாவூரில் ஒரு மாணவி சொன்னால், அவள் பிடித்த மட்டை வேறு, வலையைத் தாண்டிப் பறந்த பொருள் வேறு, அவளோடு களத்தில் நின்றவர்களின் எண்ணிக்கையும் வேறு. ஈப்போப் பெண் அடித்தது இறகு செருகிய தக்கையை. தஞ்சைப் பெண் அடித்தது மஞ்சள் கம்பளிப் பந்தை. மொழி ஒன்று, சொல்லும் ஒன்று. கடலைத் தாண்டினால் ஆட்டம் இரண்டு.

தமிழ்நாட்டில் பூப்பந்து என்றால் ஆங்கிலத்தில் 'பால் பேட்மிண்டன்' எனப்படும் விளையாட்டு. ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள், 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள திறந்தவெளிக் களம், 27 முதல் 30 கிராம்வரை எடையுள்ள கம்பளிப் பந்து. மலேசியத் தமிழர்கள் பூப்பந்து என்று அழைக்கும் பேட்மிண்டனுக்குத் தமிழ்நாட்டில் இறகுப்பந்து என்று பெயர். தமிழகப் பள்ளிகளின் போட்டிப் பட்டியலில் இரண்டும் தனித்தனி வரிகளில் இருக்கும். இதை அறிந்த சிலர், மலேசியத் தமிழர் சொல்வது பிழை என்றும் அதை 'இறகுப்பந்து' என்று திருத்த வேண்டும் என்றும் அவ்வப்போது சொல்வதுண்டு. சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் அந்தத் திருத்தத்துக்கு அடிப்படை இல்லை.

1850களிலேயே தஞ்சாவூரில் கம்பளிப் பந்தைக் கொண்டு இந்த ஆட்டம் ஆடப்பட்டது. அரச குடும்பத்தின் ஆதரவும் அதற்கு இருந்தது. அங்கே பணியில் இருந்த ஆங்கிலேயர்கள் கம்பளிப் பந்தையும் இறகுத் தக்கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். காற்று பலமாக வீசினாலோ மழை ஈரம் இருந்தாலோ கம்பளிப் பந்து, காற்று அடங்கினால் இறகு. அதாவது, இன்று இரண்டு சம்மேளனங்களும் இரண்டு விதிப்புத்தகங்களும் கொண்ட இரண்டு விளையாட்டுகள், அன்று ஒரே ஆட்டத்தின் இரண்டு பந்துகளாகவே இருந்தன. 1873இல் புனே படைமுகாமில் இறகு ஆட்டத்துக்கு விதிகள் எழுதப்பட்டன. அதனால் கொஞ்ச காலம் அதற்குப் 'பூனா' என்றே பெயர். பிறகு இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷையரில் பியூஃபோர்ட் கோமகனின் மாளிகையான பேட்மிண்டன் ஹவுஸின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. கம்பளிப் பந்து தென்னிந்தியாவிலேயே தங்கி, 1954இல் தனக்கென்று ஓர் இந்தியச் சம்மேளனத்தை அமைத்துக்கொண்டது. அதன் பெரும் வீரர் ஜம்மலமடகா பிச்சய்யாவுக்கு 1970இல் அர்ஜுனா விருது கிடைத்தது.

ஒரே ஆட்டமாக இருந்தது இரண்டாகப் பிரியும்போது, பழைய பெயர் எந்தக் கிளையோடு போகும் என்பது அந்தந்த ஊரைப் பொறுத்தது. தமிழகத்தில் பெயர் கம்பளியோடு போயிற்று. மலாயாவில் இறகோடு போயிற்று. இரண்டுக்கும் சம உரிமை உண்டு.

'பூ' எப்படி வந்தது என்பதைக் கண்ணாலேயே காணலாம். மஞ்சள் கம்பளி உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இதழ் நெருங்கிய துலுக்கச் சாமந்திபோல் இருக்கும். இறகுத் தக்கையைக் கவிழ்த்துப் பிடித்தால், 16 இறகுகளும் காம்பிலிருந்து விரிந்த இதழ்களாகத் தெரியும். இரண்டுமே பூவுக்குப் பொருந்துகின்றன. தமிழருக்குப் பூவால் ஆன பந்து புதிதும் அல்ல. கல்யாண நலங்கில் மணமக்கள் பூப்பந்து எறிந்து விளையாடுவார்கள். பெண்கள் பாடிக்கொண்டே பந்தடிப்பதற்குச் சிலப்பதிகாரத்தில் 'கந்துக வரி' என்று ஒரு பாட்டு வகையே உண்டு. கந்துகம் என்றால் பந்து. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி மேடைக்கு வருவதும் பந்தோடுதான். புதிய விளையாட்டுக்குப் பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும், அவர் காதில் நலங்கின் பூப்பந்து ஏற்கெனவே ஒலித்திருக்க வேண்டும்.

ஈப்போவைத் தலைநகராகக் கொண்ட பேராக்கில் இந்தச் சொல்லுக்கு அக்கம்பக்கத்தாரும் உண்டு. மலாய்க்காரர்கள் தக்கையைப் 'புலு தங்கிஸ்' என்கிறார்கள். புலு என்றால் இறகு, தங்கிஸ் என்றால் தடுத்துத் தள்ளுதல். 'புலு ஆயாம்' என்றும் சொல்வார்கள், அதாவது கோழி இறகு. ஈப்போவின் காண்டனீஸ் பேசும் சீனர்களின் சொல்லும் பொருளால் 'இறகுப் பந்து'தான். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் இறகைப் பார்க்க, நடுவில் இருந்த தமிழர் மட்டும் பூவைப் பார்த்தார்கள். மலாய் 'புலு'தான் தமிழில் 'பூ' ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பத் தோன்றும், காதுக்கும் இனிமையாக இருக்கும். ஆனால் அதே பெயர் மலாய் மொழியே எட்டாத தமிழ்நாட்டில் கம்பளிப் பந்துக்கும் இருக்கிறதே! அந்த ஒன்றே அந்த ஊகத்தைத் தள்ளிவிடப் போதும்.

சொல் கடல் தாண்டியதற்கும் ஒரு பாதை இருந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த ஊர்களில் திருச்சி, சேலம், ஆற்காடு மாவட்டங்களோடு தஞ்சாவூரும் ஒன்று. பயண உதவி பெற்றுக் கூலிவேலைக்குப் போவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தும்வரை அந்த ஓட்டம் தொடர்ந்தது. கிராமத்துப் பந்தாட்டங்களின் நினைவும் அந்தத் தொழிலாளர்களோடு கப்பல் ஏறி வந்தது. லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பின் பிள்ளைகளுக்கு முதல் பந்தைக் கொடுத்ததும் பால்மரமான ரப்பர் மரம்தான். வெட்டுத்தடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நாராக உரித்துச் சுற்றிச் சுற்றி உருட்டினால், தரையில் அடித்ததும் கூரைவரை எழும்பும் பந்து ஒன்று கிடைக்கும்.

பூப்பந்து தோட்டத்தில் வேரூன்றியதற்குத் தோட்டத்து வேலை நேரமும் ஒரு காரணம். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். அதனால் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம், விடியுமுன்பே கூடும். வெயில் ஏறியதும் பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்துவிட்டால், மாலைப் பொழுது சொந்தப் பொழுது. பேட்மிண்டனின் பெரும் எதிரி காற்று. தக்கையின் எடை ஐந்து கிராம் அளவுதான். 4.74 முதல் 5.50 கிராம்வரை என்பது விதி. சிறு காற்றும் அதைத் திசை திருப்பிவிடும். நான்கு புறமும் மரம் அடர்ந்த தோட்டத் திடலில் மாலையில் காற்று அடங்கியிருக்கும். தஞ்சையின் வெட்டவெளிக்குக் கம்பளிப் பந்து ஏற்றது என்றால், பால்மரக் காட்டின் நடுவே இருக்கும் திடலுக்கு இறகு ஏற்றது. பெயர் இறகின் பக்கம் சாய்ந்ததற்கு இந்த நிலவமைப்பும் கைகொடுத்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. இரண்டு கம்பம், ஒரு வலை, சுண்ணாம்பால் போட்ட கோடுகள். கால்பந்துத் திடலுக்கு வேண்டிய இடத்தில் சிறு பங்கே போதும். கோயிலுக்கும் லயத்துக்கும் நடுவில் கிடந்த காலி மண்ணே களமாகிவிடும்.

இத்தகைய திடல்களில் தொடங்கிய ஆட்டம் போட்டியாக வளரும்போதுதான் 'மாநிலம்' என்ற சொல் கதைக்குள் வருகிறது. ஈப்போப் பிரமுகர் ஃபூங் சியோங்கின் பெயரால் அமைந்த கோப்பைக்காக மலாயாவின் மாநில அணிகள் மோதிக்கொண்டன. பேராக்கில் பூப்பந்து ஆடிய எந்த இளைஞனுக்கும் 'மாநிலத்துக்கு ஆடுவது' என்பதே கனவாக இருந்தது. பள்ளிப் போட்டிகளும் அதே படிக்கட்டில்தான் ஏறுகின்றன. பள்ளி, மாவட்டம், மாநிலம், பிறகு மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தின் தேசியப் போட்டி. 12, 15, 18 வயதுக்குக் கீழ் என்று பிரிவுகள். பேச்சில் யாரும் இதை முழுதாகச் சொல்வதில்லை. "அவன் டிஸ்ட்ரிக்ட் பிளேயர், இவன் ஸ்டேட்" என்றால் விளங்கிவிடும். "எங்க தாத்தா ஸ்டேட் விளையாடியவரு" என்பது ஒரு குடும்பத்துக்கே அடையாள வாசகம்.

பழந்தமிழில் மாநிலம் என்றால் மா நிலம், பெரு நிலம், இந்த உலகம் முழுவதும். கம்பன் காலத்துப் புலவர் ஒருவரிடம் 'மாநில வெற்றியாளர்' என்று சொன்னால் உலகையே வென்றவர் என்று எண்ணிக்கொள்வார். பிறகு சென்னை மாகாணம், சென்னை ராஜ்யம் என்று பெயர் மாறி மாறி வந்து, இருபதாம் நூற்றாண்டில் இந்தியாவின் ஓர் அரசுப் பகுதிக்கு மாநிலம் என்ற பெயர் நிலைத்தது. மலாய் 'நெகிரி' இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. அது சமஸ்கிருத 'நகரி'யிலிருந்து வந்த சொல். ஊரைக் குறித்தது, வளர்ந்து மாநிலத்தைக் குறிக்கிறது. உலகம் சுருங்கியும் ஊர் பெருத்தும் ஒரே அளவுக்கு வந்து சேர்ந்து, இன்று பேராக்கைக் குறிக்கின்றன.

வென்றவரை மலாய் 'ஜுவாரா' என்கிறது. முன்பு அது சேவற்கட்டில் சேவலைப் பழக்கிக் களத்தில் விடுபவரைக் குறித்த சொல். 'கோழி இறகு' என்று பெயர் பெற்ற தக்கையால் ஆடும் ஆட்டத்தின் வெற்றியாளருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. தமிழ்ப் பத்திரிகைகளோ 'வாகை சூடினார்' என்று எழுதும். பண்டைய வீரர் வெற்றியில் சூடியது வாகைப் பூ. பேராக்கின் தைப்பிங் ஏரிப் பூங்காவின் ஓரத்தில் கிளைகள் நீர்வரை தாழ்ந்து நிற்கும் பெருமரங்களும் வாகைக்கு உறவுதான். தமிழில் அவற்றுக்குத் தூங்குமூஞ்சி வாகை என்றும் பெயர். பூப்பந்தில் தொடங்கியவர் பூவைச் சூடி முடிக்கிறார்.

மற்ற நாடுகளில் இந்தப் படிக்கட்டு வேறு மாதிரி. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் பேஸ்பாலுக்கு மாநிலமே உச்சி. ஒவ்வொரு மாநிலமும் தன் சாம்பியனைத் தானே தேர்ந்தெடுக்கும். அந்தச் சாம்பியன்களை மோதவிட்டு முடிவு சொல்லும் தேசியப் போட்டியைப் பள்ளிச் சங்கங்கள் நடத்துவதில்லை. ஜப்பானில் 1915 முதல் வட்டார வெற்றியாளர்கள் எல்லாரும் கோடையில் ஒரே போட்டிக்கு வருகிறார்கள். 1924 முதல் அதன் களம் கோஷியென் அரங்கு. பேராக்கின் பிள்ளைகளுக்கு மாநிலம் நடுப்படி. ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம், மேலே இன்னும் இருக்கிறது.

அந்த மேல்படிகளில் பேராக் பலமுறை ஏறியிருக்கிறது. 1949இல் இங்கிலாந்தின் பிரெஸ்டனில் மலாயா டென்மார்க்கை 8–1 என வென்று நாடுகளின் ஆடவர் அணிகள் மோதும் தாமஸ் கோப்பையை முதன்முறை நடந்தபோதே எடுத்தது; அப்போது, நாடே பூப்பந்து நாடாயிற்று. பேராக்கின் இங் பூன் பீயும் தான் யீ கானும் 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஆல் இங்கிலாந்து இரட்டையரை வென்றார்கள். 1967இல் ஜகார்த்தாவில் பார்வையாளர் கூச்சலால் ஆட்டம் பாதியில் நின்று, 6–3 என்ற கணக்கில் மலேசியாவுக்குத் தாமஸ் கோப்பை கிடைத்த அணியிலும் அவர்கள் இருந்தார்கள். 1971இல் இங் பூன் பீ மீண்டும் ஆல் இங்கிலாந்தை வென்றபோது அருகில் நின்று ஆடியவர் சிரம்பானில் பிறந்த தமிழர், பஞ்ச் குணாளன். தோட்டந்தோறும் தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லி மட்டை பிடித்தார்கள். குணாளன் 1970 ஆசிய விளையாட்டிலும் 1974 காமன்வெல்த் விளையாட்டிலும் ஒற்றையர் தங்கம் வென்றார். பின்னாளில் உலகச் சம்மேளனப் பொறுப்பில் இருந்துகொண்டு, 2006இல் வந்த 21 புள்ளி முறைக்கு முன்னின்றார். அதன்பின் உலகெங்கும் பேட்மிண்டன் ஆட்டங்களில் எண்ணப்பட்டது அவர் முன்னின்று கொண்டுவந்த கணக்குத்தான். பேட்மிண்டன் வீரர் லீ சோங் வெய் பிறந்தது பேராக்கின் பாகான் செராயில். 2022 காமன்வெல்த் விளையாட்டின் மகளிர் இரட்டையரில் பெர்லி தானோடு சேர்ந்து தங்கம் வென்ற தீனா முரளிதரன், குணாளனுக்குப் பின் தமிழ் வீடுகளில் அதிகம் உச்சரிக்கப்படும் பூப்பந்துப் பெயர்.

தோட்டங்கள் அப்படியே இருக்கவில்லை. 1950களிலிருந்து பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் பணத்திலேயே தோட்டங்களை வாங்கி அவற்றில் சிலவற்றைக் காப்பாற்றியது. மற்றவற்றில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அல்லது வீடமைப்புத் தாமான் வந்தது. லயம் இடிந்தபோது சுண்ணாம்புக் கோடு போட்ட திடலும் போயிற்று. ஆட்டம் கூரைக்கு உள்ளே நகர்ந்துவிட்டது. இப்போது மணிக்கணக்கில் வாடகை கொடுத்து எடுக்கும் உள்ளரங்குகளில் ஆடுகிறார்கள். காற்றைப் பற்றிய கவலை இல்லை, கையில் காசு வேண்டும்.

பள்ளிகளின் பெயர் மட்டும் மாறவில்லை. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்ற சொல் இன்னும் ஒட்டியிருக்கிறது. லாடாங் என்றால் தோட்டம். சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஓர் எடுத்துக்காட்டு.

தோட்டத்தைத் தமிழர் எஸ்டேட் என்றும் சொன்னார்கள். எஸ்டேட், ஸ்டேட் இரண்டும் ஆங்கிலத்தில் உடன்பிறந்த சொற்கள். லத்தீன் 'ஸ்டேட்டஸ்' பழைய பிரெஞ்சில் 'எஸ்டாட்' ஆகி, ஆங்கிலத்தில் இரண்டாகக் கிளைத்தது. தமிழ் நாவில் அவை மறுபடி ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. "நம்ம எஸ்டேட் பிள்ளை ஸ்டேட்டுக்கு விளையாடுது" என்று ஒரு பாட்டி சொன்னால், முதல் சொல்லையும் இரண்டாம் சொல்லையும் பிரித்தறியக் கூர்ந்து கேட்க வேண்டும். எந்த விளையாட்டு என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் மட்டும் தெளிவாகக் கேட்கும்: பூப்பந்து.