எதிர்பார்த்த போரும் நிகழ்ந்த போர்களும்: சோவியத் பி.எம்.பி. காலாட்படைப் போரூர்தியின் உருவாக்கமும் மாற்றங்களும்

ஆய்வுச் சுருக்கம்

சோவியத் ஒன்றியம் 1966ஆம் ஆண்டு தன் படையில் ஏற்றுக்கொண்ட பி.எம்.பி.-1, காலாட்படைப் போரூர்தி என்னும் வகையை உலகப் படைகளிடையே நிலைநிறுத்திய ஊர்தியாகும். ஐரோப்பியச் சமவெளியில் அணு ஆயுதங்களுடன் நடைபெறும் எனக் கருதப்பட்ட போரை முன்வைத்து இது வடிவமைக்கப்பட்டது. அப்போர் நிகழவில்லை. ஊர்தியோ சினாய்ப் பாலைவனத்திலும் கோலான் மேட்டிலும் ஆப்கானிய மலைகளிலும் போரிட நேர்ந்தது. எதிர்பார்ப்புக்கும் நிகழ்வுக்கும் இடையிலான இந்த விலகல் ஊர்தியின் அமைப்பை எவ்வாறு மாற்றியது, அதன் விலையை யார் கொடுத்தனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: காலாட்படைப் போரூர்தி, பி.எம்.பி., சோவியத் போர்க்கோட்பாடு, அணுப்போர், ஆப்கானிஸ்தான் போர், சரத்

முன்னுரை

படைக்கலங்களின் வரலாறு பெரும்பாலும் கவசத்தின் தடிமன், பீரங்கியின் விட்டம், எந்திரத்தின் ஆற்றல் என்னும் அளவுகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இவ்வளவுகள் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அனுமானம் உள்ளது. எந்த நிலத்தில், எந்தப் பகைவனோடு, எத்தகைய போர் நிகழும் என்னும் அந்த அனுமானமே வடிவமைப்பாளரின் வரைபலகைக்கு முதலில் வந்து சேர்கிறது. அனுமானம் பொய்க்கும்போது ஊர்தி உடனே மாறிவிடுவதில்லை. ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்யப்பட்ட ஊர்திகளில் அமர்ந்து போருக்குச் செல்வோர் அந்தப் பிழையின் விளைவைச் சுமக்கின்றனர். இதனைத் தெளிவாகக் காட்டும் சான்றாக பி.எம்.பி. ஊர்தியின் வரலாறு அமைகிறது.

1. சுமக்கும் ஊர்தியும் போரிடும் ஊர்தியும்

இரண்டாம் உலகப் போரில் சோவியத் காலாட்படையினர் பெரும்பாலும் டாங்கிகளின் மேல் அமர்ந்தே களத்திற்குச் சென்றனர். போருக்குப் பின் இக்குறையை நீக்க பி.டி.ஆர்.-152, பி.டி.ஆர்.-50 முதலான ஊர்திகள் 1950களில் படையில் சேர்க்கப்பட்டன. பி.டி.ஆர். என்னும் சுருக்கப் பெயர் கவசப் போக்குவரத்து ஊர்தியைக் குறிக்கும். வீரர்களைக் களத்தின் விளிம்புவரை கொண்டு சேர்ப்பதே அதன் பணி. அதன்பின் அவர்கள் இறங்கி நடந்து போரிடுவர். தொடக்கக்கால பி.டி.ஆர். ஊர்திகளுக்கு மேற்கூரையும் இல்லை.

பி.எம்.பி. என்பது 'போயெவாயா மஷினா பெஹோத்தி' என்னும் ரஷ்யத் தொடரின் சுருக்கம்; 'காலாட்படையின் போர் எந்திரம்' என்பது அதன் பொருள். இப்பெயர் மாற்றம் கருத்து மாற்றத்தின் வெளிப்பாடாகும். காலாட்படை வீரர் இனி ஊர்தியின் உள்ளிருந்தே போரிடுவார். ஊர்தியும் அவருடன் சேர்ந்து போரிடும்.

இக்கருத்தைச் சோவியத் ஒன்றியம் மட்டுமே கண்டது என்பதற்கில்லை. 20 மி.மீ. பீரங்கி பொருத்திய எச்.எஸ்.30 ஊர்தியை மேற்கு ஜெர்மனி 1950களின் இறுதியிலேயே பயன்படுத்தத் தொடங்கியது. ஆனால் அதன் வீரர்கள் கூரைத் திறப்புகளின் வழியே தலையை வெளியே நீட்டியே சுட வேண்டியிருந்தது. அவ்வூர்தி நீரில் மிதக்கவும் இயலாது. மூடிய கூண்டு, உள்ளிருந்து சுடும் வசதி, டாங்கியை எதிர்க்கும் ஆயுதம், நீந்தும் திறன் ஆகிய அனைத்தையும் ஒரே ஊர்தியில் இணைத்ததே பி.எம்.பி.-1இன் தனித்தன்மை எனலாம்.

2. அணுப்போர்க் கோட்பாடும் வடிவமைப்புத் தேவைகளும்

1960 ஜனவரியில் குருஷேவ் சோவியத் உச்சமன்றத்தில் ஆற்றிய உரையில், படையினரின் எண்ணிக்கையை 12 இலட்சம் குறைக்கப் போவதாக அறிவித்தார். எதிர்காலப் போரை ஏவுகணைகளும் அணு ஆயுதங்களுமே முடிவு செய்யும் என்பது அவ்வறிவிப்பின் அடிப்படை. மார்ஷல் சொக்கொலோவ்ஸ்கியின் தலைமையில் தொகுக்கப்பட்டு 1962இல் வெளிவந்த 'போர் உத்தி' என்னும் நூல் இக்கோட்பாட்டை விரித்துரைத்தது.

இக்கோட்பாட்டின்படி அணுகுண்டுகள் பகைவரின் பாதுகாப்பு வரிசையில் பிளவை உண்டாக்கும்; அப்பிளவின் வழியே தரைப்படை விரைந்து முன்னேற வேண்டும். கதிர்வீச்சால் நஞ்சேறிய நிலத்தில் வீரர்கள் இறங்கி நடக்க இயலாது. பாலங்கள் அழிந்திருக்கும் என்பதால் ஆறுகளை நீந்திக் கடக்க வேண்டும். டாங்கிகளின் வேகத்திற்கு ஈடுகொடுக்கவும், எதிர்ப்படும் பகை டாங்கிகளை அழிக்கவும் வேண்டும். பி.எம்.பி.-1இன் கூறுகளில் பெரும்பாலானவற்றை இத்தேவைகளிலிருந்தே விளக்கிவிட முடியும்.

இத்தேவைகளுள் ஒன்று மற்றொன்றோடு முரண்பட்டது. நீந்தும் ஊர்தி எடை குறைந்ததாக இருத்தல் வேண்டும். எடை குறைந்தால் கவசம் மெலியும். அணுக்களத்தில் இம்முரண் பெரிதாகக் கருதப்படவில்லை. பகைவரின் எதிர்ப்பு முன்பே சிதைந்திருக்கும் என்பதும், ஊர்தியின் விரைவே அதன் பாதுகாப்பு என்பதும் அன்றைய நம்பிக்கைகள். பின்னாளைய இடர்கள் பலவற்றின் வேர் இந்நம்பிக்கைகளில் உள்ளது.

3. பொருள் 765: தேர்வும் அமைப்பும்

புதிய ஊர்திக்காகப் பல வடிவமைப்பு நிறுவனங்கள் மாதிரிகளை உருவாக்கின. பிரையான்ஸ்க் நிறுவனம் சக்கர ஊர்தி ஒன்றை முன்வைத்தது. வோல்கோகிராடு டிராக்டர் ஆலையின் மாதிரியில் சங்கிலித் தடங்களுடன், வேண்டும்போது கீழிறக்கக்கூடிய சக்கரங்களும் இருந்தன. செல்யாபின்ஸ்க் டிராக்டர் ஆலையில் பாவெல் இசக்கோவ் தலைமையில் உருவான வடிவமைப்பில் எந்திரம் முன்புறம் வைக்கப்பட்டது. அதனால் பின்புறம் முழுவதும் வீரர்களுக்கு ஒதுக்கப்பட்டு, பின்கதவுகளின் வழியே ஊர்தியின் மறைவிலேயே அவர்கள் இறங்க முடிந்தது. 'பொருள் 765' என்னும் குறியீட்டுப் பெயர் கொண்ட அவ்வடிவமே 1966இல் பி.எம்.பி.-1 என ஏற்கப்பட்டது. 1967 நவம்பர் 7 அன்று மாஸ்கோ செஞ்சதுக்க அணிவகுப்பில் மேலை நாட்டினர் அதனை முதன்முதலாகக் கண்டனர். குர்கன் நகர எந்திர ஆலை அதன் முதன்மை உற்பத்தி மையமாயிற்று.

ஏறத்தாழ 13 டன் எடையும் 2 மீட்டரை ஒட்டிய உயரமும் கொண்ட இவ்வூர்தி, 300 குதிரைத்திறன் கொண்ட டீசல் எந்திரத்தால் சாலையில் மணிக்கு 65 கி.மீ. வேகத்திலும் நீரில் 7 கி.மீ. வேகத்திலும் செல்லும். சுழல்கூண்டில் 73 மி.மீ. பீரங்கியும், அதன்மேல் மாலுத்கா வகை டாங்கி எதிர்ப்பு ஏவுகணையும் பொருத்தப்பட்டன. ஊர்தியை இயக்குவோர் மூவர். பின்னறையில் எண்மர் முதுகோடு முதுகாக அமர்வர். பக்கத்திற்கு நான்கு சுடுதுளைகள் வழியே அவர்கள் உள்ளிருந்தபடியே சுடலாம். நச்சுக்காற்று உட்புகாதவாறு உள்ளறையின் காற்றழுத்தத்தைக் கூட்டும் கருவியும் வடிகட்டியும் இருந்தன.

பின்னாளில் சிக்கலாக மாறிய கூறுகளும் இவ்வமைப்பிலேயே அடங்கியிருந்தன. உயரத்தைக் குறைத்ததால் உள்ளறை மிகக் குறுகியது. எரிபொருள் கலம் ஒன்று வீரர்களின் இரு இருக்கை வரிசைகளுக்கு இடையே வைக்கப்பட்டது. பின்கதவுகளின் உட்புறமும் எரிபொருள் நிரப்பப்பட்டது. பக்கக் கவசம் சிறு துப்பாக்கிக் குண்டுகளையும் எறிகணைச் சிதறல்களையும் மட்டுமே தடுக்க வல்லது. ஊர்தித் தலைவர் சுழல்கூண்டில் அமராமல் ஓட்டுநருக்குப் பின்னால் அமர்ந்ததால், அவரது பார்வையின் ஒரு பகுதியைக் கூண்டு மறைத்தது. கூண்டில் சுடுபவர் ஒருவரே தனித்திருந்தார். பீரங்கிக்குத் தொடக்கத்தில் வழங்கப்பட்டது டாங்கிக் கவசத்தைத் துளைக்கும் எறிகணை மட்டுமே. பதுங்கியிருக்கும் காலாட்படையைத் தாக்கும் சிதறல் எறிகணை 1970களில்தான் சேர்க்கப்பட்டது. எதிரே வருவது டாங்கியாகவே இருக்கும் என்ற அனுமானத்தை இது உறுதிப்படுத்துகிறது.

4. 1973: முதற் பெருஞ்சோதனை

1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலுக்கு எதிராக நடத்திய போரே பி.எம்.பி.-1 சந்தித்த முதற் பெரும்போர். நிலத்தின்மீது குறைந்த அழுத்தம் தரும் அதன் இயல்பு, சூயஸ் கால்வாயை ஒட்டிய கந்தாராப் பகுதியின் உவர்ச் சதுப்புகளில் எகிப்தியருக்குப் பயன்பட்டது. வேறு கனரக ஊர்திகள் புதையும் இடங்களையும் அது கடந்தது.

ஆனால் அணு ஆயுதத்தால் சிதைக்கப்படாத பகைவர் எதிரே நின்றபோது மெல்லிய கவசம் தாக்குப்பிடிக்கவில்லை. கோலான் மேட்டில் சிரிய ஊர்திகள் பல அழிந்தன. மூடிய அறையின் வெப்பத்தைத் தாங்க இயலாமல் கூரைத் திறப்புகளைத் திறந்து வைத்தபோது, உயரமான இடங்களிலிருந்து வந்த துப்பாக்கிச்சூடு உள்ளே இருந்தோரைத் தாக்கியது. குளிர்மிகுந்த ஐரோப்பாவை எண்ணி மூடப்பட்ட கூண்டு, பாலைவனத்தில் திறந்து வைக்கப்பட வேண்டிய கூண்டாயிற்று.

டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள் நிறைந்த களத்தில் வீரர்கள் எப்போது இறங்க வேண்டும், ஊர்தி டாங்கிகளுக்கு எவ்வளவு தொலைவு பின்னால் வர வேண்டும் என்பன குறித்துச் சோவியத் படைத்துறை இதழ்களில் 1970களின் நடுப்பகுதியில் விவாதங்கள் நிகழ்ந்தன. உள்ளிருந்தே போரிடுதல் என்னும் மூலக் கருத்து இவ்விவாதங்களில் ஐயத்திற்குள்ளாயிற்று. இவ்வனுபவங்களும் முன்னரே உணரப்பட்ட பீரங்கிக் குறைகளும் சேர்ந்து பி.எம்.பி.-2இன் உருவாக்கத்தை விரைவுபடுத்தின. 1980இல் ஏற்கப்பட்ட அவ்வூர்தியில் 30 மி.மீ. தானியங்கிப் பீரங்கி இடம்பெற்றது. ஊர்தித் தலைவர் இருவர் அமரும் சுழல்கூண்டிற்கு மாற்றப்பட்டார். கூண்டு பெரிதானதால் பின்னே பயணம் செய்யும் வீரர் எண்ணிக்கை எட்டிலிருந்து ஏழாகக் குறைந்தது.

5. ஆப்கானிஸ்தான்: கூரைமேல் ஏறிய வீரர்கள்

1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அங்கே பகைவரிடம் டாங்கிப் படை இல்லை. அவர்கள் மலைச்சரிவுகளின் மேல் இருந்தனர். பி.எம்.பி.-1இன் பீரங்கி ஏறத்தாழ 30 பாகை வரையே மேல்நோக்கி உயரும். பள்ளத்தாக்குச் சாலையில் செல்லும் ஊர்தியால் தலைக்கு மேலிருந்து சுடுபவரைக் குறிவைக்க இயலவில்லை. 70 பாகைக்கும் மேல் உயரும் பி.எம்.பி.-2இன் பீரங்கி இக்குறையைப் பெருமளவு தீர்த்தது.

கண்ணிவெடிகளின் இடர் அவ்வாறு எளிதில் தீரவில்லை. நீந்துவதற்காக மெலிதாக்கப்பட்ட அடித்தகடு வெடிப்பைத் தாங்கவில்லை. மூடிய அறையில் வெடியழுத்தம் உள்ளிருந்தோர் அனைவரையும் தாக்கியது. எனவே வீரர்கள் உள்ளே அமர்வதைத் தவிர்த்து ஊர்தியின் கூரைமேல் அமர்ந்து பயணம் செய்யலாயினர். துப்பாக்கிக் குண்டுக்கு ஆளாகும் வாய்ப்பு கூடினாலும், கண்ணிவெடி வெடித்தால் தூக்கி எறியப்பட்டு உயிர்பிழைக்கும் வாய்ப்பு இருந்தது.

இவ்வழக்கத்தை ஒழுங்கின்மை என்று கொள்வது பொருந்தாது. ஊர்தியைப் பயன்படுத்தியோர் அதன் வடிவமைப்பின் மீது வழங்கிய தீர்ப்பாகவே இதனைக் கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரில் டாங்கியின் மேல் அமர்ந்து சென்ற நிலையை மாற்றவே கவச ஊர்திகள் பிறந்தன. ஆப்கானிஸ்தானில் காலாட்படை வீரர் மீண்டும் கவசத்தின் மேலேயே அமர்ந்தார். 1980களின் தொடக்கத்தில் வந்த பி.எம்.பி.-2டி என்னும் வடிவத்தில் பக்கங்களிலும் அடியிலும் கூடுதல் கவசம் சேர்க்கப்பட்டது. அதனால் அது நீந்தும் திறனை இழந்தது. எடையா, பாதுகாப்பா என்ற பழைய முரணுக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறு விடை கிடைத்தது.

6. எல்லை கடந்த ஊர்தி: ஜெர்மனியும் இந்தியாவும்

1990இல் ஜெர்மனி ஒன்றிணைந்தபோது கிழக்கு ஜெர்மனியின் பி.எம்.பி.-1 ஊர்திகள் ஒன்றிணைந்த படைக்கு வந்தன. அவற்றைப் பயன்படுத்துமுன் கல்நார்ப் பாகங்கள் அகற்றப்பட்டன. பின்கதவு எரிபொருள் கலங்கள் நுரைப்பொருளால் நிரப்பப்பட்டன. ஒரு படை இயல்பாக ஏற்ற இடரை மற்றொரு படை ஏற்க மறுத்ததை இம்மாற்றங்கள் காட்டுகின்றன.

இந்தியாவில் 1979இல் எந்திரமயக் காலாட்படை ரெஜிமெண்ட் நிறுவப்பட்டது. செங்கல்பட்டில் பிறந்தவரும் பின்னாளில் தரைப்படைத் தளபதியாக விளங்கியவருமான கிருஷ்ணசாமி சுந்தர்ஜி இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றினார். பி.எம்.பி.-2 'சரத்' என்னும் பெயரில் இன்றைய தெலங்கானாவிலுள்ள மேடக் படைக்கலத் தொழிற்சாலையில் 1987 முதல் உரிமம் பெற்று உற்பத்தி செய்யப்பட்டது. 2021இல் படைக்கலத் தொழிற்சாலைகள் மறுசீரமைக்கப்பட்டபோது, மேடக் தொழிற்சாலை ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச ஊர்திகள் நிறுவனத்தின் கீழ் வந்தது.

பஞ்சாபின் கால்வாய்களையும் ஆறுகளையும் கடக்க நீந்தும் திறன் இந்தியப் படைக்குப் பயன் தரும் கூறாகும். லடாக்கின் உயர்நிலத்திலோ மெல்லிய காற்று எந்திரத்தின் ஆற்றலைக் குறைக்கிறது. அங்கு நீந்தும் தேவை குறைவு. ஐரோப்பிய ஆறுகளுக்கென வகுக்கப்பட்ட ஒரே அமைப்பு ஓரிடத்தில் வலிமையாகவும் மற்றோரிடத்தில் சுமையாகவும் அமைகிறது. சரத்துக்கு மாற்றாக எதிர்காலப் போரூர்தியை உருவாக்கும் முயற்சியிலும் இம்முரணே மீண்டும் எழுகிறது.

முடிவுரை

பி.எம்.பி.-1 மோசமான ஊர்தி என்று இவ்வாய்வு முடிவு செய்யவில்லை. எந்தப் போருக்கென அது வடிவமைக்கப்பட்டதோ அப்போருக்கு அது பொருத்தமாகவே அமைந்தது. மூடிய கூண்டு, மெல்லிய கவசம், நீந்தும் திறன், சுடுதுளைகள் ஆகியன ஒரே கோட்பாட்டின் கிளைகள். அக்கோட்பாடு கைவிடப்பட்ட பின்னரும் கிளைகள் நிலைத்தன. தொழிற்சாலைகளும் பயிற்சிமுறைகளும் ஏற்றுமதிகளும் அவற்றை நிலைபெறச் செய்தன.

அமைப்பில் நேர்ந்த திருத்தங்கள் பெரும்பாலும் போர்க்கள இழப்புகளுக்குப் பின்னரே வந்தன. கோலானில் கூரைத் திறப்பைத் திறந்த வீரரும், ஆப்கானிஸ்தானில் கூரைமேல் ஏறிய வீரரும் வடிவமைப்பின் பிழையை அதிகாரபூர்வ அறிக்கைகளுக்கு முன்பே தம் உடலால் உணர்ந்திருந்தனர். ஆகவே படைக்கல வரலாற்றை எழுதுவோர் வடிவமைப்பு ஆவணங்களோடு, ஊர்தியின் உள்ளே அமர்ந்தோர் அதனை எவ்வாறு பயன்படுத்தினர், எப்போது பயன்படுத்த மறுத்தனர் என்பதையும் முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும்.