ஓர் இரவுப் படகும் மறுநாள் குகையும்: பக்கிங்காம் கால்வாயை வெட்டியவர்கள் யார்?



என்னிடம் படித்த மாணவி ஒருத்தி வியட்நாம் போய்வந்த படங்களை அனுப்பியிருந்தாள். ஹா லாங் விரிகுடாவில் ஓர் இரவு படகில் தங்கி, சுண்ணாம்புக்கல் தீவுகளையும் குகைகளையும் பார்த்திருக்கிறார்கள். அங்கே சுமார் 1,600 தீவுகள் இருப்பதாக யுனெஸ்கோ சொல்கிறது. 1994-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். படங்களுக்குக் கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள்: "நம்ம பக்கத்துல இப்படி ராத்திரி படகுல போய்க் குகை பார்க்கிற வழக்கம் எப்பவாவது இருந்ததா சார்?"

இருந்தது அம்மா. சென்னையில் மாலையில் படகு ஏறி, இரவெல்லாம் தண்ணீரில் போய், விடியற்காலையில் மாமல்லபுரத்துக் குகைக் கோயில்களுக்கு முன்னால் இறங்குகிற வழக்கம் பல தலைமுறைகளாக இருந்தது. போன வழி பக்கிங்காம் கால்வாய். உங்களில் பலர் சென்னையில் வேலை பார்க்கிறீர்கள், பறக்கும் ரயிலில் போகிறீர்கள். சேப்பாக்கத்துக்கும் திருமயிலைக்கும் இடையே அந்த ரயிலின் தூண்கள் ஊன்றியிருக்கும் கறுப்புத் தண்ணீர்தான் அந்தப் பழைய படகு வழி.

கால்வாயின் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். 18 கிலோமீட்டர் போலத் தூரம். முதலில் அவர் பெயரால்தான் அதை அழைத்தார்கள். 1837-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு இரு பக்கமும் நீட்டிக்கொண்டே போனது. வடக்கே ஆந்திரத்தின் பெத்த கஞ்சம் வரை 315 கிலோமீட்டர், தெற்கே நம் மரக்காணம் வரை 103 கிலோமீட்டர். கடலை ஒட்டியே, ஆனால் கடலுக்குள் போகாமல், காயல்களையும் கழிமுகங்களையும் கோத்துக்கொண்டு போகிற உப்புநீர்க் கால்வாய் இது. கடல் ஏறி இறங்கும்போது தண்ணீர் மட்டம் மாறுமே, அதற்காக ஆறுகளைக் கடக்கும் இடங்களில் லாக் என்று சொல்லும் இரட்டைக் கதவு மதகுகள் வைத்தார்கள். ஒரு கதவைத் திறந்து படகை உள்ளே விட்டு மூடுவார்கள். தண்ணீர் மட்டம் சமமானதும் அடுத்த கதவைத் திறப்பார்கள்.

இது உல்லாசத்துக்காக வெட்டியது இல்லை. விறகு, உப்பு, நெல், மீன் என்று சென்னை நகரத்தின் அடுப்புக்கும் உலைக்கும் வேண்டியதெல்லாம் இதில்தான் வந்தது. காற்று வாகாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஒருவர் மூங்கில் கழியை ஊன்றித் தள்ள, இன்னும் ஒருவரோ இருவரோ கரைமேல் நடந்து கயிற்றால் படகை இழுப்பார்கள்.

சரக்குப் போன வழியில் சுற்றுலாக்காரர்களும் போனார்கள். அதற்கு முன் மாமல்லபுரம் பார்க்க வேண்டுமென்றால் மணலிலும் முள்ளிலும் பல்லக்கோ மாட்டுவண்டியோதான். கால்வாய் வந்த பிறகு அடையாற்றுப் பக்கம் சாயங்காலம் ஏறிப் படுத்தால் போதும். கேளம்பாக்கத்து உப்பளங்கள், கோவளம், முட்டுக்காட்டுக் காயல் எல்லாம் இருட்டில் கடந்துவிடும். காலையில் மாமல்லபுரத்துக்கு மேற்கே கரை. அங்கிருந்து நடந்தால் பாறைக் குன்று. சமையல் சாமான், படுக்கை எல்லாம் கையோடு கொண்டுபோவார்கள். இன்றைக்கு நட்சத்திர ஓட்டல் போல இருக்கிற ஹா லாங் படகுகளோடு ஒப்பிட்டால் எளிமையான பயணம். ஆனால் நிலவு அதே நிலவுதான்.

இந்த இரவுப் பயணத்துக்குத் தமிழில் ஓர் இலக்கியமே இருக்கிறது. 1934-ல் பாரதிதாசன் சுயமரியாதை இயக்கத் தோழர்களோடு இந்தக் கால்வாயில் மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை அந்தப் பயணத்தைப் பற்றியது. செலவு என்றால் பணம் இல்லை பிள்ளைகளே, பழந்தமிழில் பயணம். எத்தனையோ பேர் போன வழியில் அவர் மற்றவர்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்தார். நிலவையும் நீரையும் பாடியவர், படகை இழுத்துக்கொண்டு நடந்த தொழிலாளர்களையும் கவிதைக்குள் கொண்டுவந்தார். படுத்திருப்பவர்களைச் சுமந்துகொண்டு படகு தானாகப் போகவில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. இன்று நான் சொல்ல வந்ததும் அதன் தொடர்ச்சிதான். படகை இழுத்தவரைப் பாவேந்தர் பார்த்தார். அந்தப் படகு மிதந்த கால்வாயை வெட்டியவர் யார்?

1876, 77, 78 ஆகிய ஆண்டுகளை வரலாற்றுப் பாடத்தில் 'பெரும் பஞ்சம்' என்று படித்திருப்பீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். மழை பொய்த்தது. விளைந்த தானியமும் விலை கிடைக்கும் இடத்துக்குப் போனது. இந்தியா முழுவதும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சென்னை மாகாணம் மிக மோசமாக அடிபட்டது. அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். நகரத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் துண்டு 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் அதனால்தான் ஒரே கால்வாய் ஆயின. ஊரை விட்டு நகரத்துக்கு வந்து சேர்ந்த எலும்பும் தோலுமான மக்கள் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கி அதை வெட்டினார்கள்.

கூலி என்ன தெரியுமா? செலவைக் குறைக்க வைஸ்ராய் லிட்டன் பிரபு 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை அனுப்பினார். பஞ்ச நிவாரண வேலைக்கு அவர் விதித்த நாள் கூலி, ஆணுக்கு 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. நாள் முழுதும் வெயிலில் மண் சுமப்பவருக்கு இது போதாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். குறைந்தது 680 கிராம் தானியமும், அதோடு பருப்பு, காய்கறியும் வேண்டும் என்றார். கடைசியில் மார்ச் 1877-ல் பாதிவழிக்கு இறங்கிவந்து 570 கிராம் தானியமும் 43 கிராம் பருப்பும் ஆக்கினார்கள். 43 கிராம் பருப்பு எவ்வளவு என்று இன்றைக்குச் சமையலறையில் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள்.

1878-ல் கால்வாய்க்குப் பெயர் வைத்தார்கள். ஆளுநர் பெயர்.

இப்போது மாமல்லபுரத்துக்கு வருவோம். ஹா லாங் குகைகளைத் தண்ணீர் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குடைந்தது. மாமல்லபுரத்துக் குகைகள் அப்படி வந்தவை அல்ல. அங்கே இருப்பது கருங்கல். அதை உளியும் சுத்தியும் கொண்டு மனிதர்கள் குடைந்தார்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்லும் மண்டகப்பட்டு நம் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த முயற்சியை அவன் மகன் மாமல்லன் நரசிம்மவர்மனும் பின்வந்த பல்லவர்களும் மாமல்லபுரத்தில் வளர்த்தார்கள். வராக மண்டபம், மகிஷாசுரமர்த்தினி மண்டபம், ஆதிவராக மண்டபம் எல்லாம் அப்படிக் குடைந்தவை. பாதியில் விட்ட குகைகளையும் அவசியம் பாருங்கள். பாறை முகத்தில் கட்டம் கட்டமாக ஆழக் கோடு வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் உடைத்து எடுத்துக்கொண்டே உள்ளே போயிருக்கிறார்கள். வேலை செய்த முறை அதில் அப்படியே தெரியும். கிருஷ்ண மண்டபத்துப் பாறையில் பால் கறக்கும் ஆயரையும், தலையில் பானை சுமக்கும் பெண்ணையும் செதுக்கியிருக்கிறார்கள். சாமிக்குப் பக்கத்தில் உழைப்பவருக்கும் இடம் இருந்தது.

இதைவிட முக்கியமான ஒன்று கால்வாய்க்கு மேல்கரைப் பக்கம் இருக்கிறது. பூஞ்சேரி என்ற சிற்றூர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குத் திரும்பும் இடத்துக்கு அருகே உள்ளது. அங்கே ஒரு பாறையில் சிற்பிகளின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று பெயர்கள். தச்சன் கல் செதுக்கினான் என்றால், அவன் உளியைக் கூராக்கித் தந்தவன் கொல்லன். அவன் பெயரும் பாறையில் இருக்கிறது. அரசன் பெயர் மட்டும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

பூஞ்சேரிப் பாறைக்கும் மாமல்லபுரக் குன்றுக்கும் நடுவில் கால்வாய் ஓடுகிறது. 1,300 ஆண்டுக்கு முன் கல் வெட்டியவரின் பெயர் நமக்குத் தெரியும். 150 ஆண்டுக்கு முன் மண் வெட்டியவரின் பெயரைக் கால்வாய் தாங்கவில்லை. நமக்கு அருகில் இருப்பவர்தான் நமக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும். இங்கே தலைகீழாக இருக்கிறது.

ரயிலும் லாரியும் வந்த பிறகு படகுகள் குறைந்தன. 1965, 1966 புயல்கள் கால்வாயைத் தூர்த்தன. நகரத்தின் சாக்கடையும் அதில் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கரையேறிய தண்ணீரைப் பல இடங்களில் இந்தக் கால்வாய் வாங்கிக்கொண்டது, அதனால் உயிர் தப்பியவர்கள் உண்டு. கைவிட்ட பிறகும் அது வேலை செய்தது. 2008-ல் தேசிய நீர்வழி 4-ல் இதைச் சேர்த்தார்கள். மாமல்லபுரத்துக்கு மறுபடி இரவுப் படகு வருமா என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். தீவும் படகும் பார்க்க நாம் போவது பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுரபுன்னையும் கண்டலும் அடர்ந்த சிறுசிறு தீவுகள். 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். வந்த இடம் என்றால் என் வயதுக்காரர்களுக்கு உடனே புரியும். அந்தக் காட்டிலும் மனிதர் வெட்டிய கால்வாய்கள் உண்டு. முற்காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டியதால் தரை பள்ளமாகி, தண்ணீர் தேங்கி, உப்பு ஏறி, மரம் முளைக்காமல் போனது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சுற்றுக் கிராமத்தாரின் துணையோடு மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டிக் கடல்நீர் வந்துபோக வழி செய்தார்கள். மரம் திரும்பவும் வந்தது. அந்தக் காட்டை ஒட்டிய ஊர்களைச் சுனாமியின் வேகத்திலிருந்து மரங்கள் காத்தன. வெட்டியவருக்கே பயன் திரும்பி வந்த கால்வாய் அது. ஆகவே கால்வாய் வெட்டுவதே தீங்கு என்று நான் சொல்லவில்லை.

மூன்றாவது கால்வாய் நம் வாசலில் இருக்கிறது. 2023 ஜூலை 26 அன்று, சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்ட, வளையமாதேவிப் பக்கம் வயலில் இயந்திரங்கள் இறங்கின. பச்சை நெல் நின்ற வயல். அந்தக் காட்சியை நீங்கள் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தீர்கள். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது என்றது ஒரு தரப்பு. நட்ட பயிர் எங்களுடையது, அறுக்கும்வரை பொறுக்கக் கூடாதா என்றது மறுதரப்பு. வழக்கு உயர் நீதிமன்றம் போய், அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது. மின்சாரம் நமக்கெல்லாம் வேண்டும், நம் பிள்ளைகள் பலர் அந்தச் சுரங்கச் சம்பளத்தில் படித்து மேலே வந்தவர்கள், அதையும் மறைக்கத் தேவையில்லை. நியாயம் எந்தப் பக்கம் எவ்வளவு என்பதை நீங்களே எடை போடுங்கள். வரலாற்று ஆசிரியனாக எனக்கு வேறு ஒரு கவலை.

பரவனாற்றின் புதுப் பாதை வரைபடத்தில் ஏறும். அதன் நீளம், செலவு, திறந்த தேதி எல்லாம் கோப்பில் இருக்கும். அது போகும் நிலத்துக்கு என்ன பெயர் சொல்லி அழைத்தோம், எந்த மடையிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது, யார் உழுதார், நடவுக்கு வந்த பெண்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பதெல்லாம் கோப்பில் இருக்காது. சர்வே எண் இருக்கும், வயலின் பெயர் இருக்காது. இன்னும் இரண்டு தலைமுறை போனால் தாது வருஷத்து மண்வெட்டிக்காரர்களைப் போலவே இவர்களும் எண்ணிக்கையாகிவிடுவார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். பழைய வாத்தியார் கொடுக்கும் வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சுற்று வட்டாரத்தில் வேர் உள்ளவர்கள், அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா யாராவது இருக்கும்போதே உட்காரவைத்துக் கேளுங்கள். நம் வயல்களின் பெயர்கள், பக்கத்து வயல்காரர் பெயர், அங்கே வேலைக்கு வந்தவர்கள் பெயர். நிலம் வைத்திருந்தவரை மட்டும் எழுதிவிட்டு, அதில் உழைத்தவரை விட்டுவிடாதீர்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள், தேதி போடுங்கள், ஒரு படி எனக்கும் அனுப்புங்கள். எழுத நேரமில்லை என்றால் குரலாகவாவது பதிந்து அனுப்புங்கள். நானும் என் பேத்தியுமாக உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம். வெளியில் யாருக்கும் காட்ட வேண்டாம் என்றால் காட்டமாட்டோம்.

மாமல்லபுரம் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடாமல் பூஞ்சேரியிலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பாறையில் உள்ள பெயர்களைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கால்வாய்ப் பாலத்தில் நின்று, இதை வெட்டியவர்கள் யார் என்று கேளுங்கள். பதில் தெரியாது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வதும் பாடம்தான்.

எல்லோரும் நலமாக இருங்கள். நோட்டுகளுக்காகக் காத்திருக்கிறேன்.