டம்பமும் தேநீரும்: புனேயில் ஒரு குற்றச்சாட்டின் வரலாறு

புனேயை ஒட்டிய சாங்வியில் குடியேறும் தமிழரை மராட்டி மொழி சறுக்கவைக்கும் இடங்களில் ஒன்று 'டம்ப' என்ற சொல். நமக்கு டம்பம் என்றால் பகட்டு, இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் வெட்டிப் பெருமை. மராட்டியில் அது பாசாங்கு, அதிலும் குறிப்பாகக் கள்ள பக்தி. வேர் ஒன்றுதான். பகவத்கீதையின் பதினாறாம் அத்தியாயம் அசுர குணங்களை அடுக்கும்போது முதலில் வைப்பது இதைத்தான். தமிழ் அந்தச் சொல்லில் ஆடம்பரத்தை எடுத்துக்கொண்டு வஞ்சத்தை விட்டுவிட்டது. வஞ்சத்தைச் சொல்லத்தான் வள்ளுவரிடம் 'கூடாவொழுக்கம்' என்று ஓர் அதிகாரமே இருந்ததே! போதாததற்குக் கூத்து மேடை 'வேஷம்' என்ற சொல்லையும் கொடுத்தது. கிரேக்கத்திலும் நடிகனைக் குறித்த சொல்தான் பின்னாளில் பாசாங்குக்காரனுக்குப் பெயராயிற்று.

நடிப்பு என்றால் பார்ப்பவர் வேண்டும். புனே வட்டாரத்தில் அந்தப் பார்ப்பவர் யார் என்பது மாற மாற, பாசாங்கு எது என்ற அளவுகோலும் மாறியது. அந்த மாற்றத்தில் செய்தித்தாளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

சாங்விக்கு எதிரே, பவனா ஆற்றைக் கடந்தால் தாப்போடி. தேஹுவிலிருந்து பண்டரிபுரம் புறப்படும் துக்காராம் பல்லக்கு ஆண்டுதோறும் தாப்போடியைக் கடக்கும் பழைய மும்பைச் சாலை வழியாகத்தான் புனேக்குள் நுழைகிறது. பதினேழாம் நூற்றாண்டில் தேஹுவில் தானிய வியாபாரம் செய்து நொடித்துப்போன குன்பி குடும்பத்தவர் துக்காராம். அவருடைய பக்திப் பாடல்களான அபங்கங்கள் சாம்பலையும் சடையையும் காவியையும் கேலி செய்கின்றன. கீர்த்தனை பாடிக் காசு வாங்குவதை அவர் ஏற்கவில்லை. அவரிடம் பாசாங்கு என்பது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள முரண். அதைப் பார்ப்பவன் பண்டரிபுரத்துக் கடவுள் விட்டலன், தீர்ப்பும் அவனுடையதே. ஊரார் அதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை.

இரண்டு நூற்றாண்டுகள் கழிந்து அந்த இடத்தில் வாசகர் வந்து உட்கார்ந்தார். 1856இல் இந்து விதவை மறுமணச் சட்டம் வந்தது. பத்தாண்டுகளில் விஷ்ணுசாஸ்திரி பண்டித் முதலியோர் மறுமணத்துக்கென்று சங்கம் தொடங்கினார்கள். 1870இல் புனேயில் சங்கராச்சாரியார் முன்னிலையில் சாஸ்திர விவாதம் நடந்தது. மறுமணத்துக்குச் சாதகமாக நின்றவர்களில் சீர்திருத்தவாதி மகாதேவ கோவிந்த ரானடேயும் ஒருவர். பேசியதெல்லாம் அச்சில் ஏறியது. பேச்சு அச்சில் நின்றுவிட்டால் செயலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எளிது.

1873இல் ரானடேயின் மனைவி இறந்தார். அப்போது ரானடேக்கு 31 வயது. கைம்பெண் ஒருவரை மணப்பார் என்று நண்பர்கள் எதிர்பார்த்தார்கள். அப்படித்தான் நடந்துவிடும் என்று அவருடைய தந்தை அஞ்சினார். அந்த ஆண்டு முடிவதற்குள் தந்தை பார்த்த பதினொரு வயதுப் பெண்ணை ரானடே மணந்தார். அவர்தான் ரமாபாய். விஷ்ணுசாஸ்திரியோ அடுத்த ஆண்டே ஒரு கைம்பெண்ணை மணந்துகொண்டார். 'போல்கே சுதாரக்', 'கர்தே சுதாரக்', அதாவது வாய்ச்சொல் சீர்திருத்தக்காரர், செய்துகாட்டும் சீர்திருத்தக்காரர் என்று மராட்டியர் இன்றும் பிரித்துப் பேசுகிறார்கள். அந்தப் பிரிவினைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

ரானடே பாசாங்குக்காரரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாசாங்குக்காரன் மறைப்பான், ரானடே எதையும் மறைக்கவில்லை. தந்தைக்கு முன்னால் அவருக்கு எதிர்த்து நிற்க வரவில்லை, அவ்வளவுதான். அது கோழைத்தனம் என்றால் சரி, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் கோழைத்தனத்துக்கும் வஞ்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை அச்சு கவனிப்பதில்லை. சொல் ஒரு பத்தியில், செயல் மறு பத்தியில், நடுவே ஒரு கோடு. படிப்பவருக்கு அது போதும்.

அதே புனேயில், அதே 1873இல், சத்யசோதக் சமாஜத்தைத் தொடங்கிய ஜோதிராவ் புலே வேறொரு கோணத்திலிருந்து பார்த்தார். 1885இல் மராட்டி எழுத்தாளர் மாநாட்டுக்கு ரானடே அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார். சூத்திரருக்கும் அதிசூத்திரருக்கும் உரிமை தர மனமில்லாதவர்கள் கூடும் சபையில் தனக்கு வேலையில்லை என்பது அவருடைய பதிலின் சாரம். அவர் தனிமனிதரின் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கவில்லை. ஒரு வர்க்கமே பேசுவதற்கும் கொடுப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தார். பாசாங்கைப் பற்றிய விமர்சனங்களில் எடை கூடியது இதுவே. ஆனால் பத்திரிகைக்கு இதில் தீனி கிடையாது.

தீனி 1890 அக்டோபரில் கிடைத்தது. புனே பாஞ்ச் ஹவுத் மிஷனில் ஒரு கூட்டம். கோபால்ராவ் ஜோஷி அழைத்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் போயிருந்தார்கள். ஆனந்திபாய் ஜோஷியை மருத்துவம் படிக்க அமெரிக்கா அனுப்பிய கணவர்தான் இந்த கோபால்ராவ். கூட்டம் முடிந்ததும் தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. சிலர் குடித்தார்கள். சிலர் உபசாரத்துக்குக் கோப்பையைத் தொட்டுவிட்டு வைத்தார்கள். கிறித்தவர் கையால் வந்த தேநீர் என்றாலும் அன்று மாலை வானம் இடிந்து விழவில்லை. வந்திருந்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பின்னர் கோபால்ராவ் 'புனே வைபவ்' இதழில் வெளியிட்டார். ஊர் அப்போதுதான் கொதித்தது. ரானடே, திலகர், கோகலே எல்லோரும் பட்டியலில் இருந்தார்கள்.

குடித்தது குற்றமாகவில்லை, அச்சில் ஏறியதே குற்றமாயிற்று. அதுவரை எத்தனையோ வீடுகளில் ஆசாரம் வாசலோடு நின்றிருக்கும்; தெரிந்தும் தெரியாததுபோல் இருக்க ஊர் பழகியிருந்தது. விவகாரம் சங்கராச்சாரியார் வரை போய் விசாரணை நடந்தது. தான் காசியில் ஏற்கெனவே பிராயச்சித்தம் செய்துகொண்டதாகத் திலகர் சொன்னார். ரானடே 1892இல் பிராயச்சித்தம் செய்துகொண்டார். சீர்திருத்த நண்பர்கள் முகம் சுளித்தார்கள்; ஆசாரவாதிகளும் முழுதாக நம்பவில்லை. இரு தரப்புக்கும் அவர் வேஷதாரியாகத் தெரிந்தார்.

ஏறக்குறைய அதே மாதங்களில் இந்தக் குற்றச்சாட்டு அரசியல் கருவியாகவும் ஆனது. பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் மசோதா விவாதத்தில் இருந்தது. அந்நிய அரசின் சட்டம் வேண்டாம் என்ற திலகர் ஒரு மாற்று யோசனை வைத்தார். சீர்திருத்தம் கேட்பவர்கள் முதலில் தங்கள் வீட்டில் செய்யட்டும். பெண்ணுக்கு 16, ஆணுக்கு 20 வயதுக்கு முன் மணம் இல்லை என்று கையெழுத்திடட்டும் என்றார். வாதம் கூர்மையானது. ஆனால் 'நீ யோக்கியமா?' என்று கேட்பவர் சொன்னவரை மடக்குகிறார். சொன்ன விஷயம் அப்படியே கிடக்கிறது. பத்து வயதுச் சிறுமிக்கு ரானடேயின் யோக்கியதையால் ஆவதென்ன? மசோதா 1891 மார்ச்சில் சட்டமாயிற்று.

தமிழ்நாட்டில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 'தி இந்து' நிறுவனர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், கைம்பெண்ணான தன் மகளுக்கு 1889இல் மறுமணம் செய்துவைத்தார். மணம் நடந்தது பம்பாயில், காங்கிரஸ் மாநாடு கூடிய சமயத்தில். சொன்னதைச் செய்தவர் என்று ஊர் அவரைக் கொண்டாடவில்லை. சொந்த ஜாதி ஒதுக்கிவைத்தது. புனேயில் 1893இல் கைம்பெண்ணான கோதுபாயை மணந்த தோண்டோ கேசவ் கார்வேக்கும் சொந்த ஊரான முருடில் அதே கதிதான். செய்யாதவனை வேஷக்காரன் என்ற அதே ஊர், செய்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை.

ரானடே 1901இல் இறந்தார். ரமாபாய் 1910இல் தன் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். தந்தையின் பிடிவாதம், அவசரக் கல்யாணம், மணமான கையோடு கணவர் தனக்கு எழுத்தறிவிக்க உட்கார்ந்தது எல்லாம் அதில் இருக்கின்றன. எழுத்தறியாமல் அந்த வீட்டுக்கு வந்த பெண் பின்னாளில் புனே சேவாசதனத்தை நடத்தினார். ரானடேயைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் எழுதியதைத் தேடிப்போனால்தான் உண்டு. ரமாபாயின் புத்தகம் இன்றும் பதிப்பில் இருக்கிறது.