கை காட்டினால் நிற்கும் ரயில்: அலாஸ்கா மலைக்காட்டில் ஒரு பயணம்

எம்ஆர்டி ரயிலின் கதவு மூடிய பிறகு கை காட்டிப் பாருங்கள். நிற்குமா? நிற்கவே நிற்காது!

ஆனால் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் ஒரு ரயில் நிற்கும். தண்டவாளத்தின் ஓரம் நின்று வெள்ளைத் துணியை அசைத்தால் போதும். அதன் பெயர் 'ஹரிக்கேன் டர்ன்'. அமெரிக்காவில் இப்படி ஓடும் ரயில்கள் இப்போது மிக அரிது.

ஏன் நிற்கிறது?

டல்கீட்னா என்ற சிற்றூரைத் தாண்டியதும் நெடுஞ்சாலை ஒரு பக்கம், தண்டவாளம் ஒரு பக்கம் எனப் பிரிந்துவிடும். தண்டவாளம் சுசிட்னா ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் செல்கிறது. அங்கே மரவீடுகளில் சிலர் வசிக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குச் சாலை கிடையாது.

அரிசி, எரிபொருள், பலகை, படகு என எல்லாமே ரயிலின் சரக்குப் பெட்டியில்தான் வரும். கோடையில் வாரத்தில் சில நாள் ரயில் உண்டு. குளிர்காலத்திலோ மாதத்துக்கு ஒரே ஒரு முறைதான். தவறவிட்டால்? இந்த ரயில் மீண்டும் வருவது அடுத்த மாதம்தான்!

நமக்கு அது சுற்றுலா. அவர்களுக்கு அதுதான் சாலை.

முழுப் பயணமும் வேண்டுமா?

அதற்கு 'டெனாலி ஸ்டார்' ரயில் இருக்கிறது. ஆங்கரேஜிலிருந்து ஃபேர்பேங்க்ஸுக்குச் சுமார் 573 கிலோமீட்டர். 12 மணி நேரம் ஆகும். கோடையில் மட்டும் ஓடுகிறது. இடையில் அது எல்லா இடத்திலும் கை காட்டினால் நிற்காது.

வழியில் என்ன பார்க்கலாம்?

- டெனாலி மலை: உயரம் 6,190 மீட்டர். வட அமெரிக்காவின் ஆக உயரமான மலை. நம்ம புக்கிட் தீமா குன்றைப்போல் 37 மடங்குக்கும் மேல்! அமெரிக்க மத்திய அரசு 2025இல் மெக்கின்லி என்ற பழைய பெயருக்குத் திரும்பியது.

- ஹரிக்கேன் பள்ளத்தாக்குப் பாலம்: 1921இல் கட்டப்பட்டது. பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 90 மீட்டர் உயரம். ஏறத்தாழ 30 மாடி வீவக கட்டடத்தின் உச்சியில் ரயில் போவதுபோல் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

- நெனானா: 1923 ஜூலையில் அதிபர் வாரன் ஹார்டிங் இங்கு வந்து தங்க ஆணி அடித்து, ரயில்பாதை முடிந்ததை அறிவித்தார்.

அமெரிக்க அரசாங்கம் கட்டிய பாதை இது. 1985இல் அலாஸ்கா மாநிலம் அதை வாங்கியது. ஆங்கரேஜையும் ஃபேர்பேங்க்ஸையும் நேரடியாக இணைக்கும் நெடுஞ்சாலை 1971இல்தான் முழுமையடைந்தது. அதுவரை இரு நகரங்களுக்கும் இடையில் உள்ள மலைப்பகுதியின் பெரும்பகுதிக்கு ரயில்தான் முக்கிய வழி.

போகத் திட்டமா? இவற்றைக் கவனியுங்கள்

- வடக்கு நோக்கிச் செல்லும்போது இடப்பக்கம் உட்காருங்கள். டெனாலி பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் தெரியும்.

- மலை மேகத்துக்குள் ஒளிந்துகொள்வது வழக்கம். வருவோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத்தான் காட்சி தரும். பார்க்கலேன்னா வருத்தப்பட வேண்டாம்!

- ஜூன் மாதத்தில் ஃபேர்பேங்க்ஸில் கிட்டத்தட்ட 22 மணி நேரம் வெயில் இருக்கும். தூங்கும்போது கண்ணை மறைக்கத் துணி எடுத்துச் செல்லுங்கள்.

- ஹரிக்கேன் டர்ன் ரயிலில் நேரத்தைக் கறாராகப் பார்க்காதீர்கள். நடுக்காட்டில் யாரோ மூட்டையை ஏற்றக் காத்திருக்கலாம். அந்தத் தாமதமும் பயணத்தின் ஒரு பகுதிதான்.