வலிப்பும் மாத்திரையும் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும்

கறுப்பு டி-ஷர்ட். நெஞ்சுப் பகுதியில் மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கும் வெள்ளைக் கோடுகள். மால்லயோ காலேஜ் வாசல்லயோ கண்டிப்பா பார்த்திருப்பீங்க.

மருத்துவம் படிச்சவங்களுக்கு அதைப் பார்த்ததும் இ.இ.ஜி. ஞாபகம் வரும். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை. ஆனா அந்தப் படம் வானத்திலிருந்து வந்தது. 1967ல் ஜோஸ்லின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி கண்டறிந்த பல்சார் விண்மீனின் ரேடியோ அலைகள்.

1979 ஜூனில் இங்கிலாந்தில் வெளிவந்த 'அன்நோன் பிளெஷர்ஸ்' என்ற ஆல்பத்தின் அட்டை அது. இசைக்குழு: ஜாய் டிவிஷன். பாடகர்: இயான் கர்டிஸ்.

அட்டை வெளிவந்தபோது, தனக்கு வலிப்பு நோய் இருக்குன்னு அவருக்குத் தெரிந்து ஐந்தே மாதம் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் மே மாதம் அவர் உயிரோடு இல்லை. வயசு 23.

இன்றைய இழை அவரைப் பற்றியும், அவரைப் பற்றி வந்த ஒரு படத்தைப் பற்றியும்தான். கொஞ்சம் நீளம். தற்கொலை பற்றிய பேச்சு வரும். மனசு சரியில்லாத நாள்னா இன்னொரு நாள் படிங்க, ஒண்ணும் அவசரமில்லை.

படத்தின் பெயர் 'கண்ட்ரோல்'. 2007ல் வந்தது. இயக்குநர் ஆன்டன் கார்பைன், நெதர்லாந்துக்காரர், அடிப்படையில் புகைப்படக் கலைஞர். 1979ல் லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் இதே குழுவை நிற்க வைத்துப் படம் எடுத்தவர். அவருக்கு இது முதல் சினிமா. முழுக்கக் கறுப்பு வெள்ளை.

இயானின் மனைவி டெபோரா 1995ல் எழுதிய நினைவு நூல்தான் கதைக்கு அடிப்படை. இயானாக நடித்த சாம் ரைலியும், குழுவாக நடித்த மற்ற நடிகர்களும் பாட்டை அவங்களே பாடி, வாசித்தார்கள்.

இந்தப் படத்தைப் பார்த்தவங்க பேசறதைக் கேட்டா, பெரும்பாலும் மூணு வகைக்குள்ள அடங்கிடும்.

முதல் வகை: "அவன் ஒரு கவிஞன். இந்த உலகம் தாங்காத மென்மையான மனசு. அதான் போயிட்டான்."

இரண்டாவது வகை: "19 வயசுல கல்யாணம், 22 வயசுல குழந்தை, நடுவுல இன்னொரு பெண். ரெண்டு பேரையும் விட முடியாம மாட்டிக்கிட்டான். இது ஒரு காதல் கதை."

மூணாவது வகை: "கட்டின பொண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுட்டுப் போன சுயநலக்காரன். இவனை ஏன் கொண்டாடறீங்க?"

மூணிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு. மூணாவது வகைக்காரங்க கோபத்தை நான் மதிக்கிறேன். டெபோராவுக்கு நடந்தது அநியாயம். ஆனா மூணு பேரும் படத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருளைத் தாண்டிப் போயிடறாங்க. மாத்திரை. அந்த மாத்திரையின் கதையைச் சொன்னா, படம் வேற மாதிரி தெரியும்.

இயான் கர்டிஸ் 1956 ஜூலை 15ல் பிறந்தவர். வளர்ந்தது மேக்கிள்ஸ்ஃபீல்டு, மான்செஸ்டர் பக்கத்தில் ஒரு பழைய நெசவு ஊர். இரவில் பாட்டு, பகலில் அரசு வேலை. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் அதிகாரியின் உதவியாளர்.

அந்த அலுவலகத்துக்கு வேலை தேடி வந்த ஒரு இளம்பெண்ணுக்கு வலிப்பு நோய். சில நாளா வரலை, வேலை கிடைச்சிருக்கும்போலன்னு அவர் நினைத்தார். பிறகுதான் தெரிந்தது, வலிப்பு வந்து இறந்துவிட்டார் என்று. 'ஷீ'ஸ் லாஸ்ட் கண்ட்ரோல்' என்ற பாட்டு அதிலிருந்துதான் பிறந்தது.

கவனிங்க, தனக்கு வலிப்பு வருவதற்கு முன்பே அவர் எழுதிய பாட்டு இது. ஊருக்குப் பக்கத்திலேயே, 1904ல் வலிப்பு நோயாளிகளுக்காகத் தொடங்கிய டேவிட் லூயிஸ் காலனி இருந்தது. 'காலனி' என்ற சொல்லைப் பாருங்க. வலிப்பு உள்ளவங்களை ஊருக்கு வெளியே தனியாகக் குடிவைத்த காலம் ஒன்று இருந்தது. அந்த நோய் ஒருத்தர் வாழ்க்கையை என்ன செய்யும்னு மத்த 22 வயசுப் பையன்களைவிட அவருக்கு நல்லாவே தெரியும்.

1978 டிசம்பர் 27. லண்டனில் ஒரு பப்பில் கச்சேரி முடிந்து காரில் திரும்பும் வழியில் அவருக்கே முதல் பெரிய வலிப்பு. லூட்டன் பக்கத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். 1979 ஜனவரியில் நோய் உறுதியானது. ஏப்ரலில் மகள் பிறந்தாள். ஜூனில் ஆல்பம். எல்லாம் ஆறே மாதத்தில்.

இப்போ மருந்துகளின் கதைக்கு வருவோம்.

வலிப்புக்கு உருப்படியாக வேலை செய்த முதல் மருந்து புரோமைடு. 1857ல் சார்லஸ் லோகாக் என்பவர் அதைப் பற்றிச் சொன்னார். விக்டோரியா ராணிக்குப் பிரசவம் பார்த்தவர். வலிப்பு குறைந்தது. கூடவே நோயாளி நாள் முழுக்க மந்தமாகக் கிடந்தார்.

1912ல் ஃபீனோபார்பிட்டோன். ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர், தூங்க வைப்பதற்காகக் கொடுத்த மாத்திரையால் நோயாளிகளுக்கு வலிப்பும் குறைவதைக் கவனித்தார். தற்செயல்தான். விலை மலிவு, வேலை செய்யும். நூறு வருஷம் தாண்டியும் உலகின் பல ஏழை நாடுகளில் இன்றும் அதுதான் கைகொடுக்கிறது.

1938ல் ஃபெனிட்டாயின். 1960களில் கார்பமசெபினும் வால்ப்ரோயேட்டும். வால்ப்ரோயேட்டை பிரான்சில் வேறு மருந்துகளைக் கரைக்கும் திரவமாகத்தான் வைத்திருந்தார்கள். எதைக் கரைத்தாலும் வலிப்பு நிற்குதே என்று பார்த்தபோதுதான், கரைப்பானே மருந்து என்று தெரிந்தது!

ஆக 1979ல் ஒரு மருத்துவர் கையில் இருந்தது சொற்பம். ஒண்ணு கேட்கலைன்னா இன்னொண்ணு, அதுவும் கேட்கலைன்னா ரெண்டையும் சேர்த்து. படத்தில் மருத்துவர் மாத்திரைப் பெயர்களையும் பக்கவிளைவுகளையும் அடுக்கும் காட்சி வரும். சிலர் அதைக் கொடூரமான மருத்துவர் காட்சின்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தெரியலை. அன்று எந்த நரம்பியல் அறையிலும் அதுதான் நடந்திருக்கும்.

இயானுக்குக் கொடுத்தவற்றில் ஃபீனோபார்பிட்டோனும் இருந்தது. அது வலிப்பைக் குறைக்கும். ஆனா சிலருக்குத் தூக்கக் கலக்கம், எரிச்சல், மனச்சோர்வு வரும். வீட்டில் இருப்பவங்க "ஆளே மாறிட்டான்" என்பார்கள். அவர் ஆளே மாறிப்போனதாகத்தான் கூட இருந்தவங்களும் பிறகு சொன்னாங்க.

மாத்திரை மட்டுமா? வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கைந்து பேரில் ஒருவருக்கு மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கும். எப்போ விழுவோமோ என்ற பயம் ஒரு பக்கம். மூளையில் ரெண்டுக்கும் பொதுவான காரணங்கள் இன்னொரு பக்கம். வலிப்பை மட்டும் எண்ணிட்டு மனசைக் கேட்காம விட்டா, பாதி வைத்தியம்தான் பார்த்திருக்கோம்.

இதோடு அவர் வாழ்ந்த விதத்தையும் சேருங்க. வலிப்பு நோயாளிக்கு நாங்க முதலில் சொல்வது: ராத்திரி ஒழுங்கா தூங்கணும், மாத்திரை நேரம் தவறக் கூடாது, குடி வேண்டாம். ஒரு ராக் பாடகனின் வாரத்தை எடுத்துப் பாருங்க. மூணுமே தலைகீழ்.

அடுத்து வெளிச்சம். வேகமா மின்னும் ஒளி எல்லா வலிப்பு நோயாளிகளுக்கும் ஆபத்தில்லை. நூற்றில் சுமார் மூணு பேருக்குத்தான். ஆனா அந்த மூணு பேருக்கு அது நெருப்பு. 1980 ஏப்ரல் 4, லண்டன் ரெயின்போ அரங்கம். ஸ்ட்ரோப் விளக்கு போட்டார்கள். இயான் வலிப்பு வந்து டிரம்ஸ் மேலே போய் விழுந்தார். அன்று ராத்திரியே வேறொரு இடத்தில் இன்னொரு கச்சேரி இருந்தது. அங்கேயும் போய்ப் பாடினார்.

இதில் ஒரு கொடுமை என்னன்னா, அவர் மேடையில் ஆடும் ஆட்டமே கை கால் வெட்டி இழுக்கிற மாதிரிதான் இருக்கும். நோய் வருவதற்கு முன்பிருந்தே அந்த ஆட்டம் உண்டு. அதனால் நிஜமாகவே வலிப்பு வந்தபோதும் கூட்டம் கை தட்டியது. நோயாளி துடிக்கிறார், ஜனங்க விசிலடிக்கிறாங்க.

அதே வாரத்தில் அவர் முதல் தற்கொலை முயற்சி செய்தார். மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். ஏப்ரல் 8, பெரி என்ற ஊரில் கச்சேரி. அங்கே அவரைக் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு பாட்டுதான் பாட முடிந்தது, மீதிக்கு வேறொருத்தர். ரசிகர்கள் பாட்டில் வீசி ரகளை செய்தார்கள். படத்தில் இந்தக் காட்சி வரும், பாருங்க.

எனக்குப் படத்தில் தூக்கத்தைக் கெடுத்த இடம் இதுதான். ஒரு தற்கொலை முயற்சிக்குப் பிறகு வரும் நாட்களும் வாரங்களும்தான் மிக ஆபத்தானவை. அந்த நேரத்தில் ஒருத்தரைத் தனியா விடக் கூடாது, வேலைக்கு அனுப்பக் கூடாது, மருந்துகளை வேறொருத்தர் கையில் வைக்கணும், மனநல மருத்துவர் தொடர்ந்து பார்க்கணும். இன்று எங்களுக்குப் பாடமாகச் சொல்லித் தருவது இது.

குழுவில் இருந்த மத்தவங்களும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள்தான். கெட்டவங்க இல்லை. அவர் "நான் நல்லா இருக்கேன்"னு சொன்னார், இவங்க நம்பிட்டாங்க. நம்புவது அவ்வளவு சுலபம்.

மே 19 திங்கட்கிழமை அமெரிக்காவுக்குக் கிளம்ப வேண்டும். 18ஆம் தேதி ஞாயிறு அதிகாலை அவர் இறந்துபோனார். எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அந்த விவரம் யாருக்கும் எந்த நன்மையும் செய்யாது.

ஜூனில் 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' பாட்டு, ஜூலையில் 'குளோசர்' ஆல்பம். ரெண்டையும் உலகம் கொண்டாடியது. மிச்சமிருந்தவர்கள் 'நியூ ஆர்டர்' என்று பெயர் மாற்றித் தொடர்ந்தார்கள்.

இப்போ அந்த முதல் வகைக் கருத்துக்கு வருவோம். "மென்மையான மனசு, அதான் போயிட்டான்."

எனக்கு இதில்தான் பயம். இப்படிச் சொல்லும்போது, கலைஞன்னா இப்படித்தான் முடியணும் என்று ஒரு 17 வயசுப் பிள்ளை காதில் விழுகிறது. அவர் பாடல்கள் அருமை. ஆனா அந்தச் சாவு கவிதை இல்லை. மருந்து, நோய், மனச்சோர்வு, தூக்கமின்மை, உடைந்த குடும்பம், குற்றவுணர்வு எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு 23 வயசுப் பையன் தலையில் இறங்கியது. எல்லாம் நோயால்தான் என்று தீர்ப்பு எழுத நான் வரலை. சினிமா பார்த்து டயக்னோஸ் பண்ற வைத்தியம் கிடையாது. ஆனா இவற்றில் பலவும் கை வைத்துச் சரி செய்யக்கூடியவை.

இன்றைக்கு எங்க கையில் 20க்கும் மேற்பட்ட வலிப்பு மருந்துகள் இருக்கு. சரியான சிகிச்சை எடுத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2008லேயே அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, வலிப்பு மருந்து எடுப்பவர்களின் மனநிலையைக் கவனியுங்க என்று எச்சரிக்கை வெளியிட்டது. பயந்து மாத்திரையை நிறுத்திடாதீங்க! திடீர்னு நிறுத்தினா வலிப்பு மொத்தமா திரும்பும். மனசில் மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்க, மருந்தை மாற்றலாம்.

சட்டமும் மாறியிருக்கு. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யும் சட்டம் பிரிட்டனில் 1970களின் தொடக்கம் வரை இருந்தது. நம்ம நாட்டில் இந்து திருமணச் சட்டத்திலிருந்து 'வலிப்பு' என்ற சொல்லை நீக்கியது 1999ல்தான். சட்டத்திலிருந்து போயிடுச்சு. பெண் பார்க்கப் போகும் வீடுகளிலிருந்து இன்னும் போகலை.

கடைசியா, நீங்க செய்யக்கூடியது.

யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு எதுவும் கொடுக்காதீங்க. வாயில் துணி, ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். அழுத்திப் பிடிக்காதீங்க. கூர்மையான பொருட்களை விலக்கி, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைங்க. துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைங்க. மணி பாருங்க. 5 நிமிஷம் தாண்டினாலோ அடுத்தடுத்து வந்தாலோ 108.

வீட்டில் வலிப்பு மருந்து எடுப்பவர் இருந்தால் "வலிப்பு வந்துச்சா?" என்பதோடு நிறுத்தாமல், "மனசு எப்படி இருக்கு?" என்றும் கேளுங்க. "நல்லா இருக்கேன்" என்று வரும் முதல் பதிலோடு எழுந்து போயிடாதீங்க.

இதைப் படிக்கும் உங்களுக்கே வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416க்கு அழைங்க. அரசின் டெலி மனஸ் சேவை, 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

'கண்ட்ரோல்' நல்ல படம். பாருங்க. தனியா பார்க்காதீங்க, பேசறதுக்கு ஒருத்தரைப் பக்கத்தில் வைத்துக்கிட்டுப் பாருங்க.