அகார் அகார் உருகும், டயர் உருகாது: காரணம் என்ன?

தீபாவளிக்குச் செய்த அகார் அகார் மிஞ்சிப்போனால், அதைச் சூடாக்கி வேறு அச்சில் ஊற்றலாம். பழைய டயரை அப்படி உருக்கி வார்க்க முடியாது. இத்தனைக்கும் இரண்டுமே பாலிமர்தான். அதாவது, சின்னச் சின்ன மூலக்கூறுகள் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலிகள். அந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று எது பிடித்து வைத்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அகார் அகாருக்குள் என்ன நடக்கிறது?

கொதிநீரில் அகார் சங்கிலிகள் தனித்தனியாக நெளிந்துகொண்டிருக்கும். வெப்பம் சுமார் 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும், இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்குகள் கற்றைகளாகச் சேர்ந்து வலையாகும். தண்ணீர் அதில் மாட்டிக்கொள்ளும். இதுதான் ஜெல்.

வலையைப் பிடித்திருப்பவை பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்புகள். ஆனால் ஒரு கற்றையில் அவை ஏராளம். அதனால்தான் 40 டிகிரியில் உறைந்தது உருகுவதற்குச் சுமார் 85 டிகிரி தேவைப்படுகிறது. ஜெலட்டின் அப்படியில்லை, 35 டிகிரிக்குள்ளேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். ஈப்போ மதிய வெயிலில் ஜெலட்டின் இனிப்பு தளர்ந்துபோக, அகார் அகார் அசையாமல் நிற்பது இதனால்தான்.

ரப்பர் பால் எப்படி உறைகிறது?

1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு பேராக்கின் ரப்பர் கதை தொடங்கியது. நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் சேகரித்த பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ரப்பர் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் அந்தத் தள்ளல் நின்று, பால் தயிர்போல உறையும். அதை உருளையில் அழுத்தி, புகையில் காயவைத்தால் ரப்பர் ஷீட் தயார்.

ஆனால் இதில் சங்கிலிகள் சிக்கிக்கிடக்கின்றன, அவ்வளவுதான், முடிச்சு இல்லை. சூடுபட்டால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். ஷீட் இளகி, பிசுபிசுக்கும்.

டயர் ஏன் இளகுவதில்லை?

1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி இதற்கு வழி கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டுவிடும். இவை வலுவான வேதிப் பிணைப்புகள். அகாரில் உள்ளதுபோலச் சூட்டில் அவிழ்ந்து, ஆறியதும் திரும்பச் சேர்பவை அல்ல. மேலும் மேலும் சூடாக்கினால் பாலங்களோடு சங்கிலிகளும் சேர்ந்து உடையும். டயர் உருகாமல் கருகும்.

இதனால் நமக்கென்ன?

மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலில் கந்தகப் பாலம் இல்லை. அதனால் அதை இளக்கி, சூடான தாரில் கலந்து, மலேசியாவில் சாலை போடுகிறார்கள். சிறுதோட்டக்காரர்களின் பாலுக்கு அது இன்னொரு சந்தை. பழைய டயருக்கு அந்தச் சுலப வழி கிடையாது. பெரும்பாலும் அரைத்துத் தூளாக்கித்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டுப் பின்புறம் சும்மா கிடந்தால், மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகும். டயருக்கு வலிமை தந்த அதே பாலம்தான், அதை அழிக்க முடியாத குப்பையாகவும் ஆக்குகிறது.