இளநிலைச் சட்டப் படிப்பு: சென்னை முதல் காரைக்குடி வரை

இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய விரும்புவோர் முடிக்க வேண்டிய பட்டம் இளநிலைச் சட்டப் பட்டம் ஆகும். தமிழ்நாட்டில் இது நீண்ட காலம் பி.எல். என வழங்கப்பட்டது, எல்.எல்.பி. என்பதும் இதே நிலைப் பட்டம்தான்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல் தொடங்கப்பட்டு, உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி இயங்கியது. மதுரையில் 1974இல் சட்டக் கல்லூரி வரும்வரை, செட்டிநாட்டுப் பக்கத்து மாணவர் சட்டம் படிக்கப் பெரும்பாலும் சென்னைக்கே செல்ல வேண்டியிருந்தது. வசதி படைத்த சிலர் இலண்டனுக்குச் சென்றனர். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் அவர்களுள் ஒருவர். அங்கே பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அவர் காரைக்குடியில் 1947இல் கலைக் கல்லூரி தொடங்கினார். பின்னர் பொறியியல், ஆசிரியர் பயிற்சி, உடற்கல்வி என நிறுவனங்கள் வளர்ந்தன. பாரிஸ்டர் ஒருவர் உருவாக்கிய இக்கல்வி நகருக்கு அரசு சட்டக் கல்லூரி 2022இல்தான் கிடைத்தது என்பது வியப்புக்குரியது. இது தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அப்பல்கலைக்கழகம் 1997இல் செயல்படத் தொடங்கியது.

படிப்பின் அளவும் மாறி வந்துள்ளது. முன்பு பட்டம் பெற்றபின் இரண்டாண்டு சட்டம் படித்தால் போதும். வழக்கறிஞர்கள் சட்டம் 1961 வந்த பிறகு, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அது மூன்றாண்டாக உயர்ந்தது. பள்ளிப் படிப்பு முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு 1980களில் வந்தது. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி இம்முறையைப் புகழ்பெறச் செய்தது. இதில் கலை, வணிகவியல், வணிக மேலாண்மை போன்ற ஒரு பட்டமும் சட்டப் பட்டமும் சேர்ந்தே கிடைக்கும்.

'சேர்ந்தே' என்ற சொல்லை மாணவர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டும். இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் இரட்டைப் பட்டத்தைப் பிரித்து வழங்கத் தடை விதிக்கின்றன. மூன்றாம் ஆண்டில் நின்றுவிட்டால் பி.ஏ. பட்டம் கையில் வராது. ஏற்கெனவே பட்டம் பெற்றவர், அதைக் காட்டி நடுவில் சேரவும் முடியாது. அவருக்குரியது மூன்றாண்டுப் படிப்பே. சட்டம் பிடிக்குமா என்று ஐயப்படும் மாணவர் முதலில் வேறு பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டுப் படிப்பில் சேர்வது நல்லது. ஓராண்டு கூடினாலும் கைவசம் ஒரு பட்டம் இருக்கும்.

அவ்விதிகளின்படி தகுதித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 40 விழுக்காடும் குறைந்தபட்ச மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகைப்பதிவு தேவை. வரைவு எழுதுதல், தொழில் அறம், மாற்றுமுறைத் தகராறு தீர்வு, மாதிரி நீதிமன்றத்துடன் கூடிய பயிற்சி ஆகிய நான்கு செய்முறைத் தாள்களும் கட்டாயம். மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் களப் பயிற்சி பெற வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் இது கூடாது என்பதால், கடைசி ஆண்டில் ஒரே மூச்சில் முடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோர் திண்டாடுவர்.

பட்டம் பெற்றவர், 21 வயது நிறைந்திருந்தால், மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்யலாம். பல மாநிலங்களில் பதிவுக்கு ஆயிரக்கணக்கில் பணம் பெறப்பட்டு வந்தது. ஏழைப் பட்டதாரிகளுக்கு அது பெருஞ்சுமை. சட்டத்தில் கூறிய 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் இனத்தவர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. இதனுடன் 2011 முதல் நடைபெறும் அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேற வேண்டும். இத்தேர்வை நடத்தும் அதிகாரம் இந்திய வழக்கறிஞர் மன்றத்துக்கு உண்டென 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது.